கோப்புகளுக்கு இரண்டு படிகள்: வாசிப்பு ஏன் தாமதமாகிறது?

ஹைதராபாத் ராணிகஞ்சில் பம்புகளும் உதிரிபாகங்களும் விற்கும் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற நவம்பர் மாதம் எங்கள் கிளையின் கடன் பிரிவுக்கு வந்தார். தமிழகத்திலிருந்து வந்து இரு தலைமுறையாக இந்நகரில் தொழில் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய இசைவுடனேயே இதனை எழுதுகிறேன், பெயர் வேண்டுவதில்லை. கையில் ரூ.9.40 இலட்சத்துக்கான விலைப்புள்ளி ஒன்றை வைத்திருந்தார். புதிய சர்வர் ஒன்றும் அதிவேக எஸ்.எஸ்.டி. தட்டுகளும் வாங்கக் கடன் வேண்டும் என்றார்.

காரணத்தைக் கேட்டேன். “பில்லைத் தேடி எடுக்க முடியவில்லை சார். ஆடிட்டர் ஆபீஸ் பையன் காலையில் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டு நேரம் வந்தும் எழுந்திருப்பதில்லை. டிசம்பர் 31-க்குள் ஜி.எஸ்.டி. ஆண்டறிக்கை போக வேண்டும்” என்றார். ஓராண்டில் சேரும் பில்கள் ஏறத்தாழ 40,000. ஒவ்வொன்றும் ஸ்கேன் செய்யப்பட்டுச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கொள்முதல் பில் ஒன்று உரிய நேரத்தில் கிடைக்கவில்லை எனில், அதன்மீது எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகைக்குச் சான்று காட்ட இயலாது. ஆகவே அவருடைய கவலை நியாயமானதே.

நான் வணிகவியல் பட்டதாரி. கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் கடன் விண்ணப்பம் வந்தால், வாங்கும் பொருள் சொல்லப்பட்ட வேலையைச் செய்யுமா என்று பார்ப்பது என் பணி. அதிலும் கணினி என்பது மதிப்பு விரைந்து கரையும் சொத்து. வருமான வரிக் கணக்கில் அதற்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 விழுக்காடு. ரூ.9.40 இலட்சத்துக்கு வாங்கும் சர்வரின் ஏட்டு மதிப்பு இரண்டு முழு ஆண்டுத் தேய்மானத்துக்குப் பின் ரூ.3.40 இலட்சத்தைக்கூட எட்டாது. எனவே எங்கள் வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிலுள்ள நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கடையை நேரில் பார்க்கச் சென்றேன்.

அங்கு இருந்த ஏற்பாடு இது. ராணிகஞ்ச் கடையில் ஒரு சேமிப்புப் பெட்டி. பாலாநகர் கிடங்கில் மற்றொரு பெட்டி. கடையில் ஒரு கோப்பைச் சேமித்தால் அது இரு பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். கடை தீப்பற்றினாலும் கிடங்கில் ஒரு படி எஞ்சும் என்பதே நோக்கம். பில்களைத் தேடும் மென்பொருள் கடையிலுள்ள மூன்றாவது கணினி ஒன்றில் இயங்கியது. கடைக்கும் கிடங்குக்கும் இடையே 20 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பு. இந்த ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தவர் பாதுகாப்பைச் சரியாகவே எண்ணியிருந்தார். வாசிப்பைப் பற்றித்தான் யாரும் எண்ணவில்லை.

இங்கே பழைய வங்கி நடைமுறை ஒன்றை நினைவூட்டினால் விளக்கம் எளிதாகும். கணினி வருமுன், வாடிக்கையாளர் கணக்குக்குக் கிளையில் பேரேடு இருந்தது. அவர் கையில் பாஸ்புத்தகம் இருந்தது. பாஸ்புத்தகம் பேரேட்டின் படி. அதை வீட்டிலிருந்தே நொடியில் திறந்து பார்க்கலாம். ஆனால் கடைசியாகப் பதிவு செய்த நாள்வரைதான் அதை நம்ப முடியும். இன்றைய இருப்பு வேண்டுமானால் கிளைக்கு நடக்க வேண்டும். அருகிலுள்ள படி விரைவானது, பழையதாக இருக்கக்கூடும். தொலைவிலுள்ள மூலம் புதியது, நடக்கச் செய்யும். படிகள் பல வைக்கும் எந்த ஏற்பாட்டிலும், கணினியாயினும், இவ்விரண்டுக்கும் இடையில்தான் தேர்வு நிகழ்கிறது.

ஒரே நேரத்தில் இரு இடத்திலும் எழுதும் ஏற்பாட்டில் பாஸ்புத்தகமும் பேரேடும் எப்போதும் ஒத்திருக்கும். அப்படியானால் அருகிலுள்ளதை மட்டும் வாசித்தால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படியே கேட்டேன். நண்பர் சொன்ன விடை இதுதான்: ஒத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் மென்பொருள் கோப்பைத் திறப்பதில்லை. நேற்றிரவு இணைப்பு அறுந்தபோது ஏதேனும் ஒரு பெட்டி பதிவைத் தவறவிட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் அது இரு பெட்டிகளையும் கேட்கிறது. இரண்டும் விடை தந்த பின்னரே உள்ளே செல்கிறது. பணம் எடுக்க வந்தவரை நிறுத்திவைத்துவிட்டு, எழுத்தர் அடுத்த கிளைக்குத் தொலைபேசியில் பேசுவதைப் போன்றது அது. உரையாடல் சிறியதுதான். ஆனால் 40,000 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். இவ்வகைக் கணக்கு எனக்கு வரும். கடையிலிருந்து கிடங்குக்குத் தகவல் போய்த் திரும்ப 15 மில்லிவினாடி ஆவதை நண்பர் அளந்து சொன்னார். கோப்புறையைத் தேடுதல், கோப்பை அறிதல், திறத்தல் என ஒரு பில்லுக்கு ஐந்து முறை போய்வர நேரிடுகிறது. 40,000 பில்களை ஐந்தால் பெருக்கி, 15 மில்லிவினாடியாலும் பெருக்கினால் 3,000 வினாடி. அதாவது 50 நிமிடம். இது வெறும் கேள்வி பதிலுக்கான நேரம். ஒரு பில்லும் இன்னும் வாசிக்கப்படவில்லை.

அடுத்து வாசிப்பு. இரு பெட்டிகளில் எதிலிருந்து எந்தக் கோப்பை வாசிப்பது என்பதைக் கோப்பின் அடையாள எண்ணைக் கொண்டு மென்பொருளே பங்கிட்டிருந்தது. வேலைப்பளுவைச் சமமாக்கும் நல்லெண்ணம்தான். ஒரே அறையில் இரு பெட்டிகள் இருந்திருந்தால் அது சாலச் சிறந்த முறை. இங்கோ, பாதி பில்கள் கடையிலேயே படி இருந்தும் பாலாநகரிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஒரு பில் 300 கிலோபைட் என்று கொண்டால் 20,000 பில்கள் 6 ஜிகாபைட். 20 மெகாபிட் இணைப்பில் அது வந்து சேர 40 நிமிடம். எஞ்சியது தட்டு சுழன்று கோப்பைக் கண்டெடுக்கும் நேரம்: கோப்புக்கு 10 மில்லிவினாடி வீதம் ஏறத்தாழ 7 நிமிடம்.

மொத்தம் 97 நிமிடம். அதுவும் வேறு யாரும் இணைப்பைப் பயன்படுத்தாத நேரத்தில். பகலில் இரு மடங்கானதில் வியப்பில்லை. இனி அந்த விலைப்புள்ளியைப் பாருங்கள். புதிய சர்வரும் அதிவேகத் தட்டுகளும் குறைக்கக்கூடியது கடைசியில் சொன்ன ஏழு நிமிடத்தை மட்டுமே. மற்ற 90 நிமிடமும் ராணிகஞ்சுக்கும் பாலாநகருக்கும் இடையிலுள்ள இணைப்பில் கழிகிறது. ரூ.9.40 இலட்சம் அதைத் தொடவே தொடாது.

இத்தகைய சேமிப்பு மென்பொருட்களில் நன்கு அறியப்பட்டது ‘குளஸ்டர்’. ‘குனு’, ‘கிளஸ்டர்’ என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி. அந்நிறுவனத்தை 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. ரெட் ஹேட் விற்றுவந்த வடிவத்துக்கான ஆதரவு 2024 இறுதியுடன் முடிந்துவிட்டது. கட்டற்ற வடிவம் இருக்கிறது. புதிதாக அமைப்பவர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். நம் வாடிக்கையாளரின் ஏற்பாட்டை விளக்க நண்பர் இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். இம்மென்பொருளில் வாசிப்புக்குரிய அமைப்புகள் வெளிப்படையாகத் தெரியும் என்பதே காரணம்.

அவற்றுள் ‘சூஸ்-லோக்கல்’ என்பது, தன் கணினியிலேயே ஒரு படி இருந்தால் அதையே வாசிக்கச் சொல்லும் அமைப்பு. இது இயல்பாகவே செயலில் இருக்கும். ஆயினும் வாசிக்கும் மென்பொருளும் சேமிப்புப் பெட்டியும் ஒரே கணினியாக இருந்தால்தான் பயன். ஒரே மேசையில் அருகருகே இருக்கும் இரு கணினிகளை அது அண்டை வீட்டாராக எண்ணாது. ‘ரீட்-ஹாஷ்-மோட்’ என்பது பங்கிடும் முறையைக் குறிக்கும். இயல்பில் கோப்பின் அடையாள எண்ணால் பங்கிடும். அதை மாற்றி, நிலுவையிலுள்ள வாசிப்புகள் குறைவாக உள்ள பெட்டிக்கு அனுப்பச் செய்யலாம். அண்மைக்கால வடிவங்களில் விரைந்து விடை தரும் பெட்டிக்கும் அனுப்பச் செய்யலாம். குறிப்பிட்ட ஒரு பெட்டியையே வாசிப்புக்கு நியமிக்கவும் வழியுண்டு. இவற்றில் ஒன்றை மாற்றினாலே அந்த 40 நிமிடம் மறைந்துவிடும். கேள்வி பதிலுக்கான 50 நிமிடம் மறையாது.

நினைவகத்தில் சேர்த்துவைக்கும் தற்காலிகச் சேமிப்பை, அதாவது ‘கேச்’ அளவை, உயர்த்துவதே பலரும் முதலில் சொல்லும் யோசனை. குளஸ்டரில் அதன் இயல்பளவு 32 மெகாபைட். நம் கணக்கில் நூறு பில்கள் அடங்கும். அதைப் பத்து மடங்காக்கினாலும், ஆடிட்டர் அலுவலக உதவியாளர் ஒரு பில்லை ஒரு முறைதான் பார்க்கிறார். பார்த்ததையே மீண்டும் பார்ப்பவருக்குத்தான் கேச் உதவும். விலைப்பட்டியல் போன்று நாள்முழுதும் திறக்கப்படும் கோப்புக்கு அது பெரும் நன்மை. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மூலத்துடன் ஒப்பிட வேண்டும் என்ற அளவும் அதனுடன் சேர்ந்தே வரும். இயல்பில் அது ஒரு வினாடி. வேகம் வேண்டி அதைக் கூட்டிவிட்டு, சற்றுமுன் மாறிய விலையை அறியாமல் பழைய விலைக்குப் பில் போட்டால் இழப்பு வணிகருடையதே. பாஸ்புத்தகத்தை நம்பிக் காசோலை எழுதியவர்களின் கதையை நாங்கள் அறிவோம். திரும்பிய காசோலைக்கான கட்டணத்தை அவர்களும் அறிவார்கள்.

ஒரு சொல் எச்சரிக்கையாக. கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை, அதாவது நொடிக்கு நொடி மாறும் பேரேட்டை, இத்தகைய சேமிப்பகத்தில் வைத்து இயக்க வேண்டா. குளஸ்டரின் ஆவணங்களே அதற்கு இது உரியதன்று என்கின்றன. எழுதி முடித்த தாள்களுக்கே, அதாவது பில், ரசீது, ஒப்பந்தம் போன்றவற்றுக்கே, இது ஏற்றது.

வாசிப்புத் தாமதத்தை ஆராயச் சென்றபோது அதனினும் பெரிய ஆபத்து ஒன்று தென்பட்டது. படிகள் இரண்டே இருந்தன, சாட்சி இல்லை. இணைப்பு அறுந்த வேளையில் கடையும் கிடங்கும் ஒரே கோப்பைத் தனித்தனியே திருத்தினால், இணைப்பு மீண்டதும் எது சரி என்று சொல்ல எவருமில்லை. இருவர் கையில் இரு வேறு பாஸ்புத்தகம், பேரேடு இல்லை என்ற நிலை அது. மூன்றாவதாக முழுப் படி ஒன்றை வைக்கலாம். அல்லது கோப்பின் பெயரையும் விவரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும் சிறிய சாட்சிக் கணினி ஒன்றை வைக்கலாம். சாட்சிக்குப் பெரிய தட்டு தேவையில்லை. பழைய கணினியே போதும். பத்திரப் பதிவில் சாட்சிக் கையொப்பம் இடுபவர் சொத்தை வாங்குவதில்லை அல்லவா?

வங்கிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று வாடிக்கையாளர் கேட்டார். தூரத்தை வைத்துத்தான். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஹைதராபாத்திலிருந்து நேர்கோட்டில் 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு ஒரு தகவல் போய்த் திரும்ப ஐந்து மில்லிவினாடிக்குக் குறையவே குறையாது. எவ்வளவு பணம் செலவிட்டாலும் ஒளியின் வேகத்தை வாங்க முடியாது. ஆகவே முதன்மைத் தரவு மையத்துக்கு அருகிலுள்ள மையத்தில் ஒரே நேரத்தில் எழுதும் படியும், வேறு நகரத்தில் சற்றுப் பின்தங்கி வரும் படியும் வைப்பது வங்கித்துறையில் வழக்கம். நெடுங்காலம் வழங்கிவந்த நிலநடுக்க வரைபடத்தில் ஆகக் குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில் ஹைதராபாத் அமைந்திருப்பது, இந்நகரில் தரவு மையங்கள் பெருகியதற்கு ஒரு காரணம். ரிசர்வ் வங்கி 1996-இல் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கே மாசப் டேங்க் பகுதியில்தான் இருக்கிறது. எந்த வங்கியின் அட்டையையும் எந்த ஏ.டி.எம்.மிலும் பயன்படுத்த வழிசெய்த தேசிய நிதி இணைப்பகத்தை 2004-இல் தொடங்கியது அந்நிறுவனமே. அதன் சுருக்கப் பெயர் என்.எஃப்.எஸ். வலைப்பின்னல் வழியே கோப்புகளைப் பகிரும் முறைக்கும் கணினியாளர் வைத்த பெயர் என்.எஃப்.எஸ். தான். நண்பரும் நானும் முதல் கால் மணி நேரம் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் பேசியதற்கு இதுவே காரணம்.

வாசிப்பு என்பது செலவில்லாத செயல் என்ற எண்ணம் கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. யு.பி.ஐ. வழியே 2025 ஏப்ரல் 12 அன்று பணம் செலுத்துவதில் தடை ஏற்பட்டதைத் தாங்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். பணம் போய்ச் சேர்ந்ததா என்று அறியும் வினாக்கள் திரும்பத் திரும்ப வந்து குவிந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அவை எதுவும் பணத்தை நகர்த்தும் கட்டளையன்று, வெறும் வாசிப்பு. அதன்பின் இந்திய தேசியப் பணம் செலுத்தல் கழகமாகிய என்.பி.சி.ஐ. 2025 ஆகஸ்ட் 1 முதல் இருப்பு அறியும் வினாவை ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு 50 முறை என்று வரையறுத்தது. பணம் செலுத்தி முடிந்ததும் இருப்பையும் சேர்த்தே தெரிவிக்குமாறு வங்கிகளையும் பணித்தது. ஒரு வினா எழாமலே விடை கிடைத்துவிட்டால் அந்தப் பயணம் மிச்சம்.

இந்த முறையையே ராணிகஞ்சிலும் பின்பற்றச் சொன்னோம். ஒரே நேரத்தில் எழுதும் இரு படிகளும் கடையிலேயே இருக்கட்டும். தனித்தனி மின் இணைப்பில், கீழ்த்தளத்தில் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக. பழைய கணினி ஒன்று சாட்சியாகட்டும். பாலாநகர்ப் பெட்டி சில நிமிடம் பின்தங்கித் தானாக நிரம்பும் படியாகட்டும். இதற்கு அவர் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது: கடை தீப்பற்றினால், கடைசி எத்தனை நிமிடத் தாள்கள் போனால் தாங்குவீர்கள்? நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “கால் மணி நேரம் தாங்கும் சார், ஜி.எஸ்.டி. கடைசித் தேதியன்று மட்டும் தாங்காது” என்றார். இக்கேள்வியைத் தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். விடை நிமிடத்தில் வந்தால் செலவு குறையும். ‘ஒன்றுகூடப் போகக் கூடாது’ என்று வந்தால், வாசிப்பிலும் எழுத்திலும் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும்.

சிறிய சேமிப்புப் பெட்டி ஒன்று, வலைப்பின்னல் ஸ்விட்ச், மின்தடைக்கான யு.பி.எஸ்., அமைப்புக் கூலி எல்லாம் சேர்ந்து ரூ.1.85 இலட்சம். தொகை சிறியது என்பதால் கடனே வேண்டா என்று கைப்பணத்தில் வாங்கிக்கொண்டார். விலைப்புள்ளியில் 75 விழுக்காடு, அதாவது ரூ.7.05 இலட்சம், எங்கள் கிளையின் கடன் இலக்கில் சேராமல் போயிற்று. மேலாளர் அன்று மாலை என்னுடன் தேநீர் அருந்தவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் 40,000 பில்களையும் எடுக்கப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. ஆண்டறிக்கையும் உரிய நாளுக்குள் சென்றது. குறை சொன்னவர் ஒருவர் உண்டு. பாலாநகர் கிடங்கின் கண்காணிப்பாளர் சரக்கு அனுப்பும் சீட்டைச் சேமிக்கும்போது இப்போது அது ராணிகஞ்சுக்குச் சென்றுதான் பதிவாகிறது. சீட்டுக்கு ஓரிரு வினாடி கூடுதலாகிறது. அவர் நாளொன்றுக்கு அறுபது சீட்டு எழுதுகிறார். முன்பு கடையில் காத்திருந்ததில் ஒரு சிறு பங்கு அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைக்கும் கிடங்குக்கும் இடையிலான இணைப்பை 100 மெகாபிட்டாக உயர்த்தலாமா என்று வாடிக்கையாளர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார். சீட்டு சிறியது, அகலமான இணைப்பால் அது விரைந்து செல்லாது, போய்த் திரும்பும் நேரம் குறைந்தால்தான் செல்லும் என்றேன். முதலில் அந்த 15 மில்லிவினாடியை மீண்டும் ஒரு முறை அளந்து சொல்லுமாறு கேட்டிருக்கிறேன்.